இறக்கை வெட்டும் தீர்மானம்

அருங்காட்சியகத்தின் புதிய கூடம் பதினான்கு மீட்டர் அகலம். விமானத்தின் இறக்கை, இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை, பன்னிரண்டு மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டர் விட்டு, பார்வையாளர்கள் சுற்றி வந்து வியப்பதற்கு வசதியாக அளந்து கட்டியிருந்தார்கள். ஒன்பது பேர் கொண்ட குழு பதினோரு முறை கூடி எடுத்த அளவு. கூடத்தின் வாசல் உயரம் ஏழு மீட்டர் இருந்தாலும் அகலம் ஐந்து மீட்டர்தான் என்பதை, கூரை போட்டு, வெள்ளையடித்து, விளக்கு மாட்டும் நேரத்தில், பெயின்டர் ஒருவர்தான் கவனித்தார்.

"இது எப்படி சார் உள்ள போகும்?"

 குழு அவரை வேலையைப் பார்க்கச் சொன்னது.

விமானம் அறுபது மீட்டர் தள்ளி மைதானத்தில் நின்றது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பறந்து, அதே மேல்தளத்தில் இறங்கிய பழைய போர்விமானம். சேவை முடிந்ததும் கடற்படை அதை ஊருக்குக் கொடுத்துவிட்டது. இருபது வருடமாக இறக்கையை விரித்தபடியே வெயிலிலும் மழையிலும் நின்றது. நாலு முறை பெயின்ட் அடித்தார்கள். நாலாவது முறை, இறக்கையின் குறுக்கே ஓடிய கோட்டை விரிசல் என்று முடிவு செய்து, பட்டி வைத்துப் பூசி மறைத்தார்கள். பூசச் சொன்னவர் அருங்காட்சியகக் குழுவின் தலைவர்.

தலைவருக்கு ஊரில் முப்பது லாரிகள். கடலைக் கரையில் நின்று மதிப்பவர். படகில் ஏறினால் கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதனாலென்ன, 'கடற்படை விமானங்களின் வரலாறு' என்ற கண்காட்சிக்குத் தயாரான இருபத்திரண்டு விளக்கப் பலகைகளில் பதினான்கில் அவர் படம் இருந்தது. 'மிதவை பொருத்திய முதல் தலைமுறைக் கடல்விமானத்தின் மாதிரி; அருகில், அதைப் பார்வையிடும் தலைவர்.' 'இறங்கும் விமானத்தின் வால்கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி நிற்கும் முறை. விளக்கம் கேட்டறியும் தலைவர்.' இப்படியே போனால் விமானத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தானோ என்று ஊர்ப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடக்கூடும்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது முறையாகக் குழு புதிய கூடத்திலேயே கூடியது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஓய்வு பெற்ற அட்மிரல் ஒருவர் வருவதாக அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

வாசலை இடித்து அகலமாக்கலாம் என்றார் ஒரு உறுப்பினர். வாசல் வளைவின் மேல் தலைவருடைய தந்தையாரின் பெயரைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். சொன்னவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், "இடிக்கிறது சரிவராதுன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்துக்கொண்டார். பின்பக்கச் சுவரை இடிக்கலாமா? பின்பக்கம் தலைவரின் லாரி ஷெட். அந்தப் பேச்சும் அங்கேயே நின்றது.

கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. விமானத்தின் இறக்கைகளை உரிய மரியாதையுடன் வெட்டி எடுத்து, உடலைத் தனியாகவும் இறக்கைகளைத் தனியாகவும் உள்ளே கொண்டுபோய், மறுபடி ஒட்ட வைப்பது. வெட்டும் நாள் வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி.

"வெட்ட வேண்டியதில்ல சார். அது மடங்கும்."

குரல் கூரைப் பக்கமிருந்து வந்தது. குழு தலையைத் தூக்கிப் பார்த்தது. ஏணியின் உச்சியில், கையில் ஒயரோடு, அருங்காட்சியகத்தின் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கப்பலில் பதினாறு வருடம் விமானங்களைக் கட்டி மேய்த்துவிட்டு வந்தவர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அங்கேயே 'கொக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்னது மடங்கும்?" என்றார் தலைவர்.

"இறக்கைதான் சார். உடம்புக்குப் பக்கத்துலேருந்து மேல்பக்கமா நிமிர்ந்து நிக்கும். மடக்கினா மொத்த அகலமே நாலு மீட்டர்தான்."

"விமானம் என்ன, குடையா?"

குழு சிரித்தது. தலைவர் சிரித்தால் சிரிப்பது குழுவின் எழுதப்படாத விதி.

"கப்பலுக்குள்ள இடம் கிடையாது சார். மடக்கித்தான் லிஃப்ட்டுல கீழ இறக்குவோம். உங்க பின்னாடி சாய்ச்சு வெச்சிருக்கீங்களே ஒன்பதாம் நம்பர் பலகை, அதுல படம் போட்டு எழுதியிருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாம் பலகை உண்மையிலேயே அங்கே இருந்தது. தலைப்பு: 'மடங்கும் இறக்கைகள்'. அதைப் போன மாதம் இதே குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டிருந்தது. எழுதியவர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். மேசையின் கோடியில் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், நாலு மாதமாக அதை ஒருவராவது படிப்பார் என்று காத்திருந்தவர். இப்போது பேனாவை மூடிவிட்டு ஏணியைப் பார்த்தார்.

தலைவர் பலகையைச் சிறிது நேரம் பார்த்தார். அதில் அவர் படம் இல்லை.

"அது பொதுமக்களுக்கு எழுதினது" என்றார். "இருபது வருஷமா விரிச்சு நிக்குது. நான் ஒரு நாள்கூட அது மடங்கிப் பார்க்கல. தீர்மானம் போட்டாச்சு. இனிமே விமானத்தை யாரும் தொடக் கூடாது. இறக்கை நுனியில சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரியணும், அதை மட்டும் நீ பாரு."

"சரி சார்" என்றார் கொக்கி.

அன்று சாயங்காலம் கொக்கியின் வீட்டுக்கு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, வெல்டர். கேட், கிரில், மாடிப்படி என்று ஊரின் பாதி இரும்பு அவன் கையால் ஆனது. கொக்கியின் மனைவி தையல்காரி. மிஷினில் குனிந்து சட்டைக் கைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வெள்ளிக்கிழமை நல்ல சட்டையா போட்டுட்டு மைதானத்துக்கு வாங்க. நான் வெட்டறதை போட்டோ எடுக்கறாங்களாம்."

"எதை வெட்டற?"

"ஏரோப்ளேன் மாமா. கேட்டும் கிரில்லுமா வெட்டி வெட்டியே காலம் போச்சு. இப்பத்தான் ஒரு கௌரவமான வேலை வந்திருக்கு."

கொக்கி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, அந்த விமானத்தோட வால்ல ஒரு நம்பர் இருக்கும், பார்த்திருக்கியா?"

"பெயின்ட் அடிச்சிருப்பாங்க."

"அடிச்சாலும் மேடு தெரியும். தடவிப் பாரு. ஒரு தடவ நடுக்கடல்ல புயல். மேல்தளத்துல எட்டு விமானம் விரிச்சு நிக்குது. மடக்கற பம்பு போச்சு. மடங்கலேன்னா கீழ இறக்க முடியாது, கப்பலுக்கே ஆபத்து, கடல்ல தள்ளிடுங்கன்னு சொல்லிட்டாங்க. நாங்க ஆறு பேரு, அரை மணி நேரம் குடுங்கன்னு கேட்டு, கம்பத்தால முட்டுக் குடுத்து ஒவ்வொண்ணா கையாலயே மடக்கினோம். எட்டும் கீழ போச்சு. இது அதுல ஒண்ணு. அன்னைக்குக் கடலுக்கே குடுக்கல. இன்னைக்கு ஒரு வாசக்கால் சின்னதா போச்சுன்னு அறுப்பீங்களா?"

"அதுக்கு நான் என்ன மாமா பண்றது? தலைவரு கூப்பிட்டாரு, வரேன்னுட்டேன். அறுத்துட்டு அப்புறம் ஒட்டத்தானே போறேன்."

"உன் காதை அறுத்துட்டு ஒட்டறேன், வரியா?"

"அக்கா, பாரு உன் வீட்டுக்காரரை."

மிஷின் நின்றது. மனைவி வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்தினாள்.

"ரெண்டு பேரும் என் தலைக்கு மேல நின்னு கத்தாதீங்க. இந்தக் கையைத் தப்பா தைச்சேன்னா சட்டை குடுத்த மனுஷன் என்னைத்தான் கேப்பாரு." கணவனைப் பார்த்தாள். "நீங்க மடங்கும்னு சொல்றீங்க. வெள்ளிக்கிழமை எட்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. மடக்கிக் காட்டுங்க." தம்பியைப் பார்த்தாள். "மடங்கினா நீ கைவைக்கக் கூடாது. எட்டு மணிக்கு மடங்காம நின்னா வெட்டிக்கோ, இவரு வாயைத் திறக்க மாட்டாரு. சரிதானே?"

"மடங்காதுக்கா. துருப்பிடிச்சுக் கல்லாயிருக்கும்."

"அப்ப உனக்கு என்ன பயம்? சரின்னு சொல்லு."

சொன்னான். கொக்கியும் தலையாட்டினார்.

புதன்கிழமை காலை காப்பாட்சியர் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'இறக்கை நுனி விளக்குகளுக்கு ஒயர் இழுக்கும் பணிக்காக, தேவைப்படும் இடங்களைத் திறந்து பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு அனுமதி வழங்கப்படுகிறது.'

"தேவைப்படற இடம் எதுன்னு யாராச்சும் கேட்டா?" என்றார் கொக்கி.

"கேக்கிறவங்க முதல்ல சீட்டைப் படிக்கணுமே" என்றார் காப்பாட்சியர்.

கொக்கி உளியோடு ஏணி ஏறினார். பட்டியைச் சுரண்டச் சுரண்ட, கோடு வெளியே வந்தது. கோட்டை ஒட்டி ஒரு தகடு. தகட்டைக் கழற்றினால் உள்ளே குளவிகள் மண்ணால் குடித்தனம் கட்டியிருந்தன. அவற்றிடம் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு சுத்தம் செய்தார். அதற்குள்தான் இருந்தது பூட்டு. இறக்கை மேலே நிமிராமல் பிடித்து வைக்கும், மணிக்கட்டுத் தடிமன் எஃகுப் பின். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. ஒரு பக்கத்து இரண்டும் வெளியே வந்தால் அந்த இறக்கை கீலில் மடங்கும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மடங்காது.

டீசல் ஊற்றி ஊறவிட்டு, செம்புச் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே அளவில், கடிகாரம் போலத் தட்டினார். மத்தியானத்துக்குள் வலது பக்கத்து முதல் பின் அரை விரல் நகர்ந்தது. சாயங்காலம் இரண்டுமே கைக்கு வந்துவிட்டன.

வியாழக்கிழமை காலை, கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போட்டிருந்த சக்கரச் சாரத்தை, வாசலைப் பற்றிக் கேட்ட அதே பெயின்டர் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் பளு தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, வலது இறக்கையின் நுனியைப் பட்டைக் கயிற்றால் கட்டி, சங்கிலியை இழுத்தார்கள். இருபது வருடத் துரு முதலில் முனகியது, பிறகு உறுமியது, பிறகு கட்டி கட்டியாகக் கீழே கொட்டியது. இறக்கை ஒரு சாண் எழுந்தது. ஒரு முழம் எழுந்தது. அரை மணி நேரத்தில் வானத்தைப் பார்த்து நின்றது. கொக்கி முட்டுக்கம்பியைக் கொடுத்து நிறுத்தினார்.

"அடப் போய்யா" என்றார் பெயின்டர். "கை தூக்கத் தெரிஞ்ச ஆளைத் தூக்க விடாம நாலு தடவ பெயின்ட்டால சட்டை தைச்சு மாட்டியிருக்கோம்."

இடது பக்கம் அப்படி வழிவிடவில்லை. முன்பக்கத்துப் பின் மத்தியானம் வெளியே வந்தது. பின்பக்கத்துப் பின் அசையவில்லை. டீசல் ஊற்றினார், தட்டினார், மறுபடி ஊற்றினார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, சுத்தியல் பிடி வழுக்கியது. மனைவி சாப்பாடு கொண்டுவந்தவள், கையைப் பார்த்ததும் பையிலிருந்த துண்டுத்துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"விட்டுடட்டுமான்னு கேப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

"கேக்கல."

"தெரியும். சாப்பிட்டுட்டு அடிங்க."

வெளிச்சம் போகும்வரை அடித்தார். நாலாவது பின் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே தலைவர் வந்துவிட்டார். கூடவே எட்டு லாரி டிரைவர்கள், ஒரு மைக், ஒரு வீடியோக்காரர். வெட்டுவதற்கு முன் ஒரு சிறிய உரை. திறப்பு விழாவில் அட்மிரலுக்குத் திரையில் போட்டுக் காட்டுவதற்காக. வலது இறக்கை நெட்டுக்குத்தலாக நிற்பதைப் பார்த்ததும் காரைவிட்டு இறங்காமலே கேட்டார்:

"விமானத்தை யாருய்யா ஒடைச்சது?"

"ஒடைக்கல சார், மடங்கியிருக்கு" என்றார் காப்பாட்சியர்.

தலைவர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். இதைப் பாராட்டினால், இது மடங்காது என்று தான் சொன்னது தப்பாகிவிடும். திட்டினால், எதைத் திட்டுவது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் பெரிய மனிதர்கள் கைக்கெட்டிய காகிதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு மடங்கி என்ன ஆகப்போகுது? அந்தப் பக்கம் அப்படியேதானே இருக்கு? தீர்மானம் தீர்மானம்தான். அதை வெட்டுங்க."

கொக்கி இடது இறக்கையின் மேல், மூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணியிலிருந்தே அங்கேதான்.

"கீழ இறங்கு" என்றார் தலைவர். "இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கொக்கி மறுபடி பின்னைத் தட்ட ஆரம்பித்தார்.

வேலை போனால் போகட்டும் என்று கூச்சல் போடும் ஆளைத் தலைவருக்குச் சமாளிக்கத் தெரியும். சரி சார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெல்டரைப் பார்த்தார். வெல்டர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்றான். கடிகாரம் எட்டு அடிக்க ரெண்டு நிமிடம்.

"மாமா, பேச்சு பேச்சுதான்" என்றான் மெதுவாக. "எட்டு மணின்னு அக்காதான் சொல்லிச்சு."

அக்கா அங்கேதான் நின்றாள். "சொன்னேன். இல்லேங்கல. ஆனா தலைவரு பேசப்போறாரே? அவரு பேசறப்ப நீ மிஷினைப் போட்டு இரைச்சல் பண்ணுவியா? பேசி முடிக்கட்டும், அப்புறம் வெட்டு." தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசுங்க சார். அவசரமே இல்ல."

அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. தலைவரின் முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"கடலும் வானும் கைகோக்கும் இந்தப் பொன்னான வேளையிலே" என்று ஆரம்பித்தார். மனிதன் பறக்க ஆசைப்பட்ட காலத்துக்குப் போனார். அங்கிருந்து தன் இளமைக் காலத்துக்கு வந்தார். முதல் லாரி வாங்கிய கதைக்குள் நுழைந்தார். டிரைவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

கொக்கி மேலேயிருந்து குனிந்தார். "மாப்ள. நெருப்பைப் பத்த வை. வெட்டற நெருப்பு வேணாம், சின்னதா."

"எனக்கு வெட்டத்தான் மாமா சொல்லியிருக்காங்க."

"வெட்டறதுக்கு முன்னாடி இரும்பைச் சூடு பண்ணுவியா மாட்டியா?"

வெல்டர் யோசித்தான். பண்ணித்தான் ஆக வேண்டும். சூடு பண்ணாமல் வெட்டிய வெல்டர் உலகத்தில் இல்லை.

"பண்ணுவேன்."

"அதைப் பண்ணு. பின்னுல காட்டாத. அதைச் சுத்திப் பிடிச்சிருக்கு பாரு, அந்தக் காதுல மட்டும் காட்டு. காது விரிஞ்சா பின்னு இளகும்."

அவன் ஏணியில் ஏறி, இறக்கைக்கு அடியில் நீலச் சுடரைக் காட்டினான். முதலில் கடனே என்றுதான் காட்டினான். அப்புறம் துருவின் நிறம் மாறுவதைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒழுங்காகக் காட்ட ஆரம்பித்தான். இரும்பு விஷயத்தில் அவனால் அரைகுறையாக இருக்க முடியாது.

தலைவர் ஓரக்கண்ணால் சுடரைப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வாக்கியமும் பாதியில் இருந்தது. அவர் தன் வாக்கியத்தை என்றைக்கும் பாதியில் விட்டவரில்லை. முடித்து மூச்சு வாங்கினார். அந்த மூச்சில் காப்பாட்சியர் புகுந்தார்.

"சார், ரொம்ப நல்லா வந்துச்சு. ஆனா கொஞ்சம் காத்துச் சத்தம் விழுந்திருக்கும்போல. முதல்லேருந்து ஒரு தடவ சொல்லிடறீங்களா?"

வீடியோக்காரர் காற்று எதையும் கேட்டிருக்கவில்லை. காப்பாட்சியர் பார்த்த பார்வையில், "ஆமா சார், காத்து" என்றார்.

"கடலும் வானும் கைகோக்கும்" என்று தலைவர் மறுபடி ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் கொக்கி. தட்டினார். "காட்டு." தட்டினார். துணிக்கட்டு சிவந்திருந்தது. பின் அசையவில்லை. "நிறுத்தாத." மறுபடி தட்டினார். சத்தம் மாறியது. இதுவரை டொக்கென்று கேட்டது, இப்போது டங்கென்றது. வெல்டர் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, கேட்டீங்களா?"

"கேட்டேன். கையை நகர்த்திக்கோ."

இரண்டாம் முறையாகத் தலைவர் தியாகம் என்ற சொல்லுக்கு வந்துகொண்டிருந்தார். இறக்கைகளின் தியாகம், குழுவின் தியாகம், அதை முடிவெடுத்தவரின் தியாகம். அந்த இடத்தில் நாலாவது பின் வெளியே துள்ளி, தரையில் விழுந்து, புகையோடு உருண்டுவந்து அவர் செருப்புக்கு ஒரு அடி தள்ளி நின்றது. தலைவர் பேச்சை நிறுத்தினார். இரண்டடி பின்னாலும் போனார்.

"கம்பம் எடுங்க" என்றார் கொக்கி. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் டிரைவர்கள் எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். முப்பது லாரிக்காரரின் ஆட்கள் அவர்கள். அவர்களுக்கு எது உரை, எது உத்தரவு என்று தெரியும். சாரத்தின் கம்பங்களை உருவி, நுனியில் துணி சுற்றி, இடது இறக்கையின் அடியில் வரிசையாக முட்டுக் கொடுத்தார்கள். கொக்கி இறங்கி எதிரே நின்றுகொண்டார். கையைத் தூக்கினார். தூக்கினார்கள். உள்ளங்கையைக் காட்டினார். நிறுத்தினார்கள். இறக்கை முனகிக்கொண்டே நிமிர்ந்து, வலது பக்கத்துக்கு ஜோடியாக, முட்டுக்கம்பியின் பலத்தில் நின்றது.

வெல்டர் நெருப்பை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். "எட்டு அம்பது ஆச்சு. நான் தோத்தேனா, ஜெயிச்சேனா?"

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்றாள் அக்கா. "இப்பப் போய்த் தள்ளு."

தள்ளினார்கள். வால் முன்னாலும் மூக்கு பின்னாலுமாக விமானம் மெல்ல உருண்டது. கொக்கி அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, இரண்டு கையாலும் இப்படி, இன்னும் இப்படி என்று சைகை காட்டினார். வாசலுக்கு நேர் நடுவில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். கொக்கியின் இடது கை அவரை ஓரமாகப் போகச் சொல்லிக் காட்டியது. டிரைவர்களுக்குக் காட்டிய அதே சைகைதான். தலைவர் ஓரமாகப் போனார். பக்கத்துக்கு அரை மீட்டர் இடம் விட்டு விமானம் உள்ளே நுழைந்தது. வீடியோக்காரர் கேமராவைத் திருப்பியதும், தலைவர் விமானத்தின் மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். படத்தில் பார்த்தால் அவர்தான் தள்ளுகிறார்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிமிர்ந்தார் கொக்கி.

"ம்" என்றார் தலைவர். "நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு. இப்ப விரிங்க, பார்க்கலாம்."

"விரிக்கலாம் சார். இறக்கை தலைக்கு மேலேயிருந்து இறங்கும். வேலை செய்யறவங்க தவிர எல்லாரும் வெளிய போயிடணும்."

தலைவர் திரும்பிக் குழுவைப் பார்த்து, "எல்லாரும் வெளிய போங்க" என்றார்.

"நீங்களும்தான் சார்."

 தலைவர் மேலே பார்த்தார். இரண்டு பக்கமும் இறக்கைகள் அவர் தலைக்கு மேலே நெட்டுக்குத்தலாக நின்றன. மைக்கை வீடியோக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். குழு அவர் பின்னால் போனது.

கொக்கி கையிலிருந்த துணியை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மாப்ள, நீ இடது பக்கத்து முட்டுக்கம்பியைப் பிடி. நான் சொன்னாத்தான் விடணும்."

"பிடிச்சாச்சு மாமா."